காரணம் தெரியாத அறிகுறிகளும் கல்லீரல் பற்றிய சந்தேகமும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் துணையாகக் கிளினிக்குகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பல ஆண்டுகளாகப் போய்வந்ததில், திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். என் தந்தை தோட்டத்து டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். நோயாளி சொல்வதைத் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. நோயின் பெயரைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். அந்தப் பெயரை அவர் விரைவாகக் கண்டுபிடிக்க நம் பக்கத்திலிருந்து என்ன செய்யலாம் என்பதைப் பற்றியதே இந்தப் பக்கம்.

பல மாதங்களாகச் சோர்வு, பசியின்மை, வலது விலாவின் கீழே ஒரு பாரம். இது கல்லீரலாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் இந்த மூன்றை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. அதன் உட்பகுதி வலியை உணராது, மேலுறை இழுபடும்போதுதான் பாரமோ மந்தமான வலியோ தெரியவரும். ஆகவே நோய் வெகுவாக முற்றும்வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்களும் உண்டு. கல்லீரல் நன்றாக இருந்தும் இரத்தசோகை, தைராய்டு குறைவு, கட்டுப்பாடற்ற நீரிழிவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுதல், மனச்சோர்வு ஆகியவற்றால் இதே சோர்வை அனுபவிப்பவர்களும் உண்டு. அறிகுறிகள் கூட்டாக வரும்போதுதான் கல்லீரலை நோக்கிச் சந்தேகம் வலுக்கிறது. சோர்வோடு சிறுநீர் கருத்துப் போவது, தோலில் எதுவும் இல்லாமலே அரிப்பது, இலேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப் போவது, மார்பிலும் தோளிலும் சிலந்தி வடிவச் சிவப்பு இரத்தக் குழாய்கள் தோன்றுவது, உள்ளங்கை சிவந்திருப்பது, மாலையில் கணுக்கால் வீங்குவது, உடல் மெலிய வயிறு மட்டும் பெருப்பது, இரவில் தூங்காமல் பகலில் தூங்கி வழிவது ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்திருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாமல் இரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியது எப்போது?

இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கருப்பாகப் பிசுபிசுப்பாகப் போனாலோ, பேச்சில் குழப்பமும் தள்ளாட்டமும் தெரிந்தாலோ, காமாலையோடு குளிர்காய்ச்சலும் மேல்வயிற்று வலியும் சேர்ந்து வந்தாலோ, வீங்கிய வயிற்றோடு காய்ச்சல் கண்டாலோ 999-ஐ அழையுங்கள், அல்லது யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லி அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மலம் கருக்கும் என்பதால் அதை அங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தில் நடந்த பிறகோ, எலி நடமாடும் சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, மஞ்சள் கண் ஆகியவை வந்தால் மலாயில் ‘கென்சிங் திக்குஸ்’ என்று சொல்லப்படும் எலிக்காய்ச்சலை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு நாள் கடத்தக் கூடாது.

வலியே இல்லாமல் மெல்ல மெல்லக் கண் மஞ்சளாகி, உடல் எடையும் குறைந்துகொண்டு வந்தால், வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பித்தநாளத்திலோ கணையத்தின் தலைப்பகுதியிலோ ஒரு கட்டி வளர்ந்து பித்த ஓட்டத்தை அடைக்கும்போது இப்படித்தான் தொடங்கும். சில நாட்களுக்குள் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

கண் மஞ்சளாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

குழல் விளக்கின் கீழே பார்க்காதீர்கள். காலையில் சன்னல் ஓரமாக நின்று, கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி வெண்விழியைப் பாருங்கள். பிலிருபின் என்ற பித்த நிறமி இரத்தத்தில் வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய பிறகே கண்ணில் மஞ்சள் தெரியும் என்பதால், கண் வெள்ளையாக இருப்பது கல்லீரல் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. நாள்தோறும் பப்பாளியும் கேரட் சாறும் சாப்பிடுகிறவருக்கு உள்ளங்கை மஞ்சளாகும், ஆனால் வெண்விழி வெள்ளையாகவே இருக்கும். அது காமாலை இல்லை.

கண்ணைவிடச் சிறுநீரும் மலமும் அதிகம் சொல்லும். தண்ணீர் நிறையக் குடித்த பிறகும் சிறுநீர் ‘தே ஓ’ என்ற பாலில்லாத தேநீரின் நிறத்தில் போனால், பித்தநீர் குடலுக்குப் போகாமல் இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்று சந்தேகிக்கலாம். கூடவே மலம் களிமண் போல வெளுத்திருந்தால் பித்தநாள அடைப்பு பற்றிய சந்தேகம் இன்னும் வலுக்கும்.

தைப்பூச விரதத்தின்போது கண் மஞ்சளாகி, விரதம் முடிந்ததும் தானாகத் தெளிந்துவிடும் இளைஞர்கள் சிலர் உண்டு. சிறுநீர் நிறம் மாறாமல், மற்ற கல்லீரல் அளவுகள் எல்லாம் சரியாக இருந்து, பிலிருபின் மட்டும் சற்றுக் கூடியிருந்தால் அது பெரும்பாலும் கில்பர்ட் நிலை என்ற தீங்கில்லாத பரம்பரைக் கூறாக இருக்கும்; பட்டினியும் காய்ச்சலும் அதை வெளிக்காட்டும். ஆயினும், இரத்த அணுக்கள் சிதைவதாலும் இதே தோற்றம் வரும் என்பதால், ஜி6பிடி குறைபாடு, தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் கோளாறு குடும்பத்தில் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும்.

தோலில் ஒன்றுமே இல்லை, ஆனால் இரவெல்லாம் அரிக்கிறது. தோல் மருத்துவரிடம் போவதா?

போகலாம், ஆனால் கல்லீரல் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் மூத்த அக்கா. 51 வயதில் அவருக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் தொடங்கிய அரிப்பு 14 மாதங்கள் நீடித்தது. மூன்று கிளினிக்குகளில் மூன்று விதமான களிம்பு கிடைத்தது; சொறி சிரங்கு என்று வீட்டில் எல்லோருக்கும் லோஷன் பூசினார்கள்; துணி துவைக்கும் தூளை மாற்றினோம், தலையணையைக்கூட மாற்றினோம். “பித்தம் ஏறிப்போச்சு, அதான் அரிக்குது” என்று சொன்ன எங்கள் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு வேறொரு சிறு அறுவைக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி. என்ற நொதியின் அளவு வழக்கத்தைப்போல் மூன்று மடங்காக இருப்பதை ஓர் இளம் மருத்துவர் கவனித்து, ஏ.எம்.ஏ. என்ற எதிர்ப்பொருளைச் சோதிக்க அனுப்பினார். கல்லீரலுக்குள் இருக்கும் சிறு பித்தநாளங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் முதன்மைப் பித்தநாள அழற்சி என்று தெரியவந்தது. பெரியம்மா அதிகம் தவறவில்லை.

இந்த நோய் பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வருகிறது. இது உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஏ.எம்.ஏ. காணப்படும். உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. அரிப்புக்கு வேறு மருந்து தனியாகத் தர வேண்டியிருக்கும். கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் தடிப்பில்லாத அரிப்பு வந்தால் அது பித்தநீர்த் தேக்கமாக இருக்கலாம். குழந்தைக்கு ஆபத்து உண்டாகக்கூடும் என்பதால் அன்றே மகப்பேறு கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

முதலில் எங்கே போவது? செலவு எவ்வளவு?

குடிமக்களுக்கு வீட்டுக்கு அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கில், அதாவது கிளினிக் கெசிஹாத்தானில், கட்டணம் 1 ரிங்கிட். மைசெஜாத்ரா செயலி வழியாக முன்பதிவு செய்துகொள்ளலாம். அங்குள்ள மருத்துவர் தேவையென்று கண்டால் ‘சூராட் ருஜுக்கான்’ என்ற பரிந்துரைக் கடிதம் எழுதி நிபுணர் கிளினிக்குக்கு அனுப்புவார். தொடர்ந்து நிபுணரைப் பார்க்க ஒவ்வொரு முறைக்கும் 5 ரிங்கிட். தீவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு மருத்துவமனைக்கும், பெருநிலத்தில் இருப்பவர்கள் செபராங் ஜெயாவுக்கும் அனுப்பப்படுகிறார்கள். கோலாலம்பூர் வட்டாரத்தில் கல்லீரலுக்கென்றே பெயர்பெற்றது பத்துமலைக்கு அருகிலுள்ள செலாயாங் மருத்துவமனை. கல்லீரல் மாற்று அறுவை வரை அங்கே நடைபெற்றிருக்கிறது.

காத்திருக்க முடியாதவர்கள் தனியார் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனையை முடித்துக்கொண்டு அந்தத் தாளோடு அரசுக் கிளினிக்குக்குப் போவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பல நேரங்களில் அதுவே விரைவான வழி. ஆனால் மருந்தகங்களில் விளம்பரப்படுத்தப்படும் ‘முழு உடல் பரிசோதனை’த் தொகுப்பை வாங்கும் முன் அதில் கல்லீரல் அளவுகளும், கல்லீரலைத் தாக்கும் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்குமான சோதனையும் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ ஆகியவற்றின் திட்டங்களின் கீழ் 40 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கிடைக்கும் இலவசச் சோதனைக்குப் போகும்போதும் இதையே கேட்க வேண்டும்.

மொழி பற்றி ஒரு சொல். மலாயில் ‘ஹாத்தி’ என்றால் கல்லீரல்; ஆனால் ‘சாக்கிட் ஹாத்தி’ என்று சொன்னால் மனம் புண்பட்டது என்று பொருள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இதைச் சொல்லிவிட்டு, மிஸ்ஸி, அதாவது தாதி, ஏன் ஆறுதலாகக் கையைப் பிடித்தார் என்று வியந்துகொண்டிருந்தார். உறுப்பின் பெயரைச் சொல்வதைவிடக் கண்டதைச் சொல்வதே பயன்: ‘மாத்தா கூனிங்’ என்றால் மஞ்சள் கண், ‘ஆயிர் கென்சிங் கெலாப்’ என்றால் கருத்த சிறுநீர், ‘பாடான் காத்தால்’ என்றால் உடல் அரிப்பு.

பத்து நிமிடச் சந்திப்பில் மருத்துவரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த அறிகுறி எந்த மாதம் தொடங்கியது, எது முதலில் வந்தது, எடை எவ்வளவு குறைந்தது என்பவை மேலே இருக்கட்டும். அதன் கீழே, பலர் மறைப்பதும் மறப்பதுமான மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும்.

முதலாவது, வாயில் போட்ட எல்லாம். டாக்டர் கொடுத்த மாத்திரை மட்டுமன்று. மருந்தகத்தில் வாங்கிய வலி மாத்திரை, ஜிம்மில் கொடுத்த புரதத் தூள், ஜாமு, நாட்டு லேகியம், ஊரிலிருந்து வந்த சூரணம், இணையத்தில் வாங்கிய மெலியும் காப்பி எல்லாவற்றையும் பொட்டலத்தோடு எடுத்துச் செல்லுங்கள். காசநோய் மருந்துகளான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை; சில ஆன்டிபயாடிக் மருந்துகள் நிறுத்திச் சில வாரங்களுக்குப் பிறகும் காமாலையை உண்டாக்கும். எனவே கடந்த ஆறு மாதக் கணக்கு தேவை.

இரண்டாவது, மது. “விசேஷத்துக்கு மட்டும்” என்ற பதிலால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. 5 விழுக்காடு பியர் 320 மில்லி டின் ஒன்றில் ஏறத்தாழ 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. வாரத்தில் எத்தனை டின், எத்தனை போத்தல், கள்ளா சம்சுவா என்று சொன்னால்தான் அவர் கணக்கிட முடியும். மனைவி பக்கத்தில் இருப்பதால் உண்மையைச் சொல்லாமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, இரத்தமும் குடும்பமும். மலேசியாவில் 1989-ஆம் ஆண்டு முதல்தான் பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதற்கு முன் பிறந்தவர் தம் நிலையை ஒருமுறையேனும் சோதித்தறிய வேண்டும். ஹெபடைடிஸ் சி கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான் என்பதால், அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அதைக் குறிப்பிடுங்கள். பச்சை குத்தியது, ஒரே பிளேடால் பலருக்கும் சவரம் செய்த கடை, பலரும் பகிர்ந்த ஊசி, அலகு குத்தப் பயன்படுத்திய கம்பி ஒருமுறை மட்டும் பயன்படுத்தியதா இல்லையா ஆகியவற்றையும் கூச்சமின்றிச் சொல்லலாம். தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ கல்லீரல் புற்றுநோய் இருந்திருந்தால் அது முக்கியமான தடயம். அண்மைக் காய்ச்சலுக்கு முன் அரைவேக்காட்டுக் ‘கெராங்’ போட்ட சார் குவே தியாவ் சாப்பிட்டீர்களா என்று மருத்துவர் கேட்டால் வியக்க வேண்டாம். சரியாக வேகாத சிப்பியினங்கள் ஹெபடைடிஸ் ஏ பரவும் வழிகளில் ஒன்று.

இரத்தப் பரிசோதனைத் தாளை எப்படிப் படிப்பது?

நோயைக் கண்டுபிடிப்பதற்காக நீங்கள் அதைப் படிக்க வேண்டியதில்லை. சரியான கேள்வி கேட்பதற்காகப் படித்தால் போதும். ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. இரண்டும் கல்லீரல் செல்கள் காயப்படும்போது இரத்தத்தில் கசியும் நொதிகள். ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. இரண்டும் சேர்ந்து ஏறினால் பித்தநீர் ஓட்டத்தில் தடையைச் சந்தேகிப்பார்கள், ஏ.எல்.பி. மட்டும் ஏறியிருந்தால் அது எலும்பிலிருந்தும் வந்திருக்கலாம். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதைக் காட்டுபவை அல்புமின், பிலிருபின், இரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். ஆகியவை. ஆகவே நொதிகள் எவ்வளவு உயர்ந்தன என்பதைவிட அல்புமின் சரிந்திருக்கிறதா, பிலிருபினும் ஐ.என்.ஆரும் ஏறியிருக்கின்றனவா என்பதே கவலைக்குரிய கேள்வி.

இரண்டு இடங்களில் மக்கள் குழம்புகிறார்கள். ஒன்று அலகு. தமிழ்நாட்டிலுள்ள உறவினரின் தாளில் பிலிருபின் 1.2 என்றிருக்கும், நம் தாளில் 20 என்றிருக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான், ஏனெனில் அவர்கள் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று எழுதுவது நம் தாளில் லிட்டருக்கு 17.1 மைக்ரோமோலுக்குச் சமம். வாட்ஸாப்பில் தாளை அனுப்பி ஊரையே அழவைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மற்றொன்று தசை. ஏ.எஸ்.டி.யும் ஓரளவுக்கு ஏ.எல்.டி.யும் தசையிலும் இருப்பதால், பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் கடுமையாகப் பளு தூக்கியவருக்கு இரண்டும் ஏறிக் காட்டும். டெங்கியிலும் இவை உயரும், பொதுவாக ஏ.எஸ்.டி. கூடுதலாக. காய்ச்சல் தணிந்து சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்காமல் நிலையான கல்லீரல் நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

“எல்லாம் நார்மல்” என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எனக்கு இன்னும் சரியில்லை. என்ன செய்வது?

என்னென்ன பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நொதிகள் சரியாக இருந்தும் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நிலை, இருக்கலாம். காயப்படுவதற்கு மிச்சச் செல்கள் குறைந்துவிட்டால் நொதியும் குறைவாகவே கசியும். அப்படிப்பட்டவரிடம் பெரும்பாலும் முதலில் குறைவது இரத்தத் தட்டணுக்கள். சாதாரண இரத்த எண்ணிக்கைத் தாளிலேயே அது இருக்கும், யாரும் கவனிக்காமல். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கும் பல ஆண்டுகள் நொதிகள் சரியாகவே இருக்கக்கூடும்; கிருமியின் மேற்பரப்பிலுள்ள புரதமான ஆன்டிஜெனுக்குரிய பரிசோதனையைத் தனியாகக் கேட்டால்தான் தெரியும்.

எல்லாம் பார்த்தும் கல்லீரல் நன்றாக இருக்கிறதென்றால் அந்தக் கதவை மூடிவிட்டு, இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, இதயம், குடல், மனநலம் ஆகியவற்றின் பக்கம் திரும்புவதற்குத் தயங்க வேண்டாம். கல்லீரல் நோய்தான் என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு ஐந்தாவது கிளினிக்கைத் தேடும்போது உண்மையான காரணம் பின்தங்கிப்போகிறது.

ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தது. அதுதான் காரணமா?

கல்லீரலில் கொழுப்புப் படிவது நம்மிடையே மிகவும் பரவலானது. பரவலாக இருப்பதாலேயே எல்லாத் தொந்தரவையும் அதன் தலையில் கட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஃபேட்டி லிவர் சோர்வையும் மந்த பாரத்தையும் தரலாம்; கடுமையான அரிப்பையோ கருத்த சிறுநீரையோ அது விளக்காது. அவை இருந்தால் வேறு காரணத்தையும் தேட வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மது தொடாதவருக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். இடுப்புக் கொழுப்பு, நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு சேர்ந்து வருவதே இதன் பெரும்பங்கு. 2023-இல் உலகக் கல்லீரல் சங்கங்கள் கூடி, வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்புடையது என்பது விளங்கும்படி இதற்குப் புதுப்பெயரே வைத்தன. ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே எல்லை. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம். காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குத் தே தாரிக், இரவில் நாசி கண்டார் என்று நாளை ஓட்டும் நமக்கு இதை வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கொழுப்பு இருக்கிறதா என்பதோடு நிற்காமல் தழும்பு ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஃபிப்-4 என்ற கணக்கு ஏற்கெனவே எடுத்த இரத்தப் பரிசோதனையிலிருந்தே கிடைக்கும்: வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலமும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 52 வயது, ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 64, தட்டணு 180 என்றால் விடை ஏறத்தாழ 1.73. இது 1.3-க்குக் குறைவாக இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, 2.67-க்கு மேல் போனால் நிபுணரிடம் போக வேண்டும். இடையில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக் கல்லீரலின் விறைப்பைப் பார்ப்பார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று கொள்வார்கள். ஃபைப்ரோஸ்கேன் ஊசியோ வலியோ இல்லாதது. மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தால் போதும். அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் பொதுவாக நிம்மதிதான்.

காமாலைக்குக் கீழாநெல்லி போதாதா? மஞ்சள் மாத்திரை நல்லதுதானே?

காமாலை என்பது ஓர் அறிகுறி, நோயின் பெயரன்று. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே தெளிந்துவிடும். அந்த வாரங்களில் எதை அரைத்துக் குடித்தாலும் புகழ் அதற்குத்தான் போகும். பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்திருப்பவருக்கு அதே வாரங்கள் வீணாகும். கீழாநெல்லியை அறிவியல் புறக்கணித்துவிட்டது என்று சொல்வதும் சரியில்லை. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் ஆன்டிஜென் மறைந்ததாகக் கூறினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்த விளைவு திரும்ப வரவில்லை.

குழம்பில் போடும் மஞ்சளால் தீங்கில்லை. மிளகுச் சத்துச் சேர்த்து உறிஞ்சப்படும் அளவைக் கூட்டிய குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருப்பதாகப் பல நாடுகளில் பதிவாகியுள்ளது. ஆஸ்திரேலிய அரசு 2023-இல் எச்சரிக்கையே விடுத்தது. கொரோனாக் காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து உண்ட சிலருக்கு நேர்ந்த பாதிப்பை மும்பை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். வாங்கும் பொருளின் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் உண்டா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் எண் ‘டி’ என்ற எழுத்தில் முடியும். பதிவு இருந்தாலும், காரணம் தெரியாத கல்லீரல் அறிகுறி இருக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவைத்து மருத்துவரிடம் காட்டுவதே முறை. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை, குறிப்பாகக் கொழுப்புக்கான ஸ்டாட்டினை, பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஹெபடைடிஸ் பி அல்லது சி இருப்பதாக வந்தால்?

ஹெபடைடிஸ் சி இன்று குணமாகும் நோய். மலேசிய அரசு 2017-இல் சோஃபோஸ்புவிர் மருந்துக்கு அரசுப் பயன்பாட்டு உரிமம் பிறப்பித்து, விலையை வெகுவாகக் குறைத்து, 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றித் தந்து வருகிறது. பெரும்பாலானோருக்குச் சிகிச்சை 12 வாரங்கள். நூற்றுக்கு 95 பேர் அளவில் கிருமி முற்றாக நீங்குகிறது. ஹெபடைடிஸ் பி முற்றாக நீங்குவது அரிது, ஆனால் மாத்திரையால் அடக்கி வைக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் ஆன்டிஜென் இருந்தால் நாட்பட்டது என்பார்கள். அப்போது சிரோசிஸோ மற்ற ஆபத்துக் காரணிகளோ உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தார் எல்லோரும் சோதித்து, தேவைப்படுவோர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதால் இது பரவாது. தனித் தம்ளர் வைத்து ஒருவரை ஒதுக்குவது அறியாமை.

மாதங்கள் போகின்றன, காரணம் மட்டும் தெரியவில்லை. எப்படி வலியுறுத்துவது?

“கல்லீரல் வீக்கம்”, “நொதி கூடுதல்” என்பவற்றை முடிவாக ஏற்றுக்கொள்ளாமல், எதனால் என்று கேளுங்கள். மது, மருந்து, கொழுப்பு, பி, சி ஆகியவை விலக்கப்பட்ட பின், தன்னெதிர்ப்பு அழற்சிக்கான ஏ.என்.ஏ., மென்தசை எதிர்ப்பொருள், ஐ.ஜி.ஜி. அளவு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், 40 வயதுக்கு உட்பட்டவராயின் செம்புத் தேக்க நோயான வில்சனுக்கான செருலோபிளாஸ்மின் ஆகியவை பார்க்கப்பட்டனவா என்று பணிவாகக் கேட்கலாம். “இவற்றையெல்லாம் எடுங்கள்” என்று சொல்வதைவிட, “டாக்டர், எவையெல்லாம் விலக்கப்பட்டுவிட்டன, எவை மீதம்?” என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் நின்று பதில் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் தெளியாவிட்டால் திசுப் பரிசோதனை பற்றிப் பேச்சு வரும். உணர்விழக்கும் ஊசி போட்டு மெல்லிய ஊசியால் சிறு துணுக்கு எடுப்பார்கள், அன்று சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். இரத்தக் கசிவு சிறுபான்மையினருக்கு நேரலாம் என்பதால் இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். மருத்துவமனை மாறும்போது பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அக்காவின் பழைய தாள் ஒன்றைப் பின்னர் புரட்டிப் பார்த்தபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஏ.எல்.பி. சற்று உயர்ந்திருந்தது தெரிந்தது. அன்று யாரும் அதை வட்டமிடவில்லை.

முடிவு தெரியும்வரை எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம்?

மதுவை முற்றாக விட்டுவிடுங்கள். காய்ச்சலுக்குப் பானடோல் வேண்டுமென்றால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டு என்பது நலமானவரின் உச்ச அளவு. கல்லீரல் நோய் உறுதியானவருக்கு அதில் பாதியோடு நிறுத்தச் சொல்வது வழக்கம் என்பதால் நீங்களும் மருத்துவரைக் கேட்கும்வரை அந்தப் பாதியைத் தாண்ட வேண்டாம். சளி மருந்துகளிலும் அதே பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிருங்கள். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சிப்பி, கெராங் வேண்டாம். சிரோசிஸ் உள்ளவருக்கு அவற்றிலுள்ள ஒருவகைக் கிருமி உயிருக்கே ஆபத்து. காமாலை என்றாலே உப்பில்லாத கஞ்சி மட்டும் என்ற பழைய பத்தியம் தேவையற்றது. முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றை நிறுத்தினால் தசைதான் கரையும். வயிற்றில் நீர் சேர்ந்தவருக்கு மட்டும் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள்.

காப்பி குடிக்கலாமா என்று கேட்பவர்கள் ஏராளம். குடிக்கலாம், காப்பி அருந்துபவர்களிடையே கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. ஆனால் அது பாலும் சர்க்கரையும் இல்லாத ‘கோப்பி ஓ கோசோங்’கைப் பற்றிய செய்தி, நம் கடைகளில் கெட்டிப்பாலை அடியில் அரை அங்குலத்துக்கு ஊற்றித் தரும் காப்பிக்கு அது பொருந்தாது.